அம்மா தட்டும் அட்டை: சிங்கப்பூர் கிரீன் மேன் பிளஸ், ஒரு வருஷ அனுபவம்

அம்மாவுக்கு 74 வயது. அங் மோ கியோவில் எங்கள் புளோக்கிலிருந்து ஈரச்சந்தைக்குப் போக ஓர் அகலமான சாலையைக் கடக்க வேண்டும். போன வருஷம் வரை பாதியிலேயே, நடுத்திட்டில் நின்றுவிடுவார். விளக்கில் எண் 5, 4 என்று இறங்கும்போது காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுவதைவிட அடுத்த பச்சைக்குக் காத்திருப்பதே மேல் என்பது அவர் கணக்கு. இரண்டு பக்கமும் லாரிகள் போய்க்கொண்டிருக்கும்.

சாலை கடக்க அழுத்தும் பொத்தானுக்கு மேலே இருக்கும் சின்னப் பெட்டியை நான்தான் காட்டிக்கொடுத்தேன். பஸ்ஸில் தட்டும் அதே மூத்தோர் சலுகை அட்டையை அங்கே வைத்தால் ஒரு 'பீப்', அவ்வளவுதான். 60 வயதானவர்கள் தனியாக எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம், செயலி வேண்டாம், காசும் இல்லை. இதுதான் கிரீன் மேன் பிளஸ், நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் சோதனையாக ஆரம்பித்த ஏற்பாடு. சாலையின் அகலத்துக்கு ஏற்றபடி பச்சை மனிதன், அதாவது நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு உருவம், 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக நிற்பான். அட்டைக்குள் பேட்டரி கிடையாது. பெட்டி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது.

இப்போது அம்மா எதிர்க்கரை ஏறும்போது விளக்கில் இன்னும் 4 பாக்கி இருக்கிறது. ஆனால் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் நின்றால் அட்டையை வெளியே எடுக்கமாட்டார். "நான் என்ன கிழவியாடா?"

என் குறை வேறு. அட்டை பேசுவது விளக்கோடு மட்டும்தான், காரோடு இல்லை. சில சந்திப்புகளில் பச்சை மனிதன் எரியும்போதே வலப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்கும் வழி உண்டு. நடப்பவருக்கு அவர்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு மழை நாளில் அம்மாவின் குடை நுனியை உரசுகிற மாதிரி ஒரு கார் திரும்பியது. கூடுதலாகக் கிடைத்த அத்தனை விநாடியும் கையில் இருந்தது, என்ன பிரயோஜனம்?

என் காரில் சாலைக் கட்டணம் வசூலிக்கும் புது ஈஆர்பி 2.0 கருவி இருக்கிறது. மூத்தோர் அதிகம் நடமாடும் சில்வர் ஸோனுக்குள் நுழைந்தால் சொல்லும். அது வட்டாரத்தைப் பற்றிய எச்சரிக்கை. இந்த நிமிஷம், இந்தக் கோட்டின் மேல் ஒருவர் மெதுவாக நடந்துகொண்டிருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. இங்கே அட்டை தட்டியாயிற்று, அங்கே வண்டிக்குள் திரை இருக்கிறது. நடுவில் ஒரு கம்பி இழுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். கம்பிகூட வேண்டாம், எல்லாம் காற்றில் போகிற சமாசாரம்தான்.

அதற்காக ஒன்றைக் கழித்துக்கொண்டு 5க்கு 4 தருகிறேன். அம்மாவைக் கேட்டால் முழுசாக 5 போடுவார். 'பீப்' கேட்ட பிறகும் அட்டையை இன்னொரு தரம் வைக்கிறார். போனஸ் விழுமாம்.