மின்நிலையத் திறன் சோதனை: விற்றவரே செய்வதா, வெளியாள் செய்வதா?

புதிய மின்நிலையத்தை ஏற்கும் முன் இரண்டு எண்கள் முக்கியம்: எத்தனை மெகாவாட் தருகிறது, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வெப்பம் செலவாகிறது. இயந்திரம் விற்ற நிறுவனமே அளந்தால் செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். அந்த இயந்திரத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. அதை மறுக்க முடியாது.

சுயேச்சைக் குழு என்றால் கருவி, அளவுத்திருத்தச் சான்று, ஆட்கள் எல்லாம் தனி. நாட்கள் கூடும். ஆனால் எரிவாயுக் குழாயில் ஓட்டத்தை அளக்க வைத்திருக்கும் ஆரிஃபிஸ் தகட்டை, அதாவது நடுவில் துளையிட்ட தகட்டை, கழற்றி, துளையின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்ப்பார்கள். விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் தகட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு குறையும். அந்த வேறுபாட்டை வைத்தே கணக்கிடும் மீட்டர் எரிபொருளைக் குறைத்துக் காட்டும். நிலையம் சிக்கனமாகத் தெரியும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், எண் மட்டும் தப்பு.

திருத்தக் கணக்கும் அப்படித்தான். எரிவாயு டர்பைனின் திறனைப் பொதுவாக 15 டிகிரி செல்சியஸ், 60 சதவீத ஈரப்பதத்துக்குச் சொல்வார்கள். வெயில் நாளில் அளந்ததை அந்த நிலைக்கு மாற்றும் வளைகோடுகளைத் தருவது பெரும்பாலும் விற்றவர்தான். சோதனைக்கு முன்பே அவற்றை வேறொரு கண் பார்க்க வேண்டும்.

வெப்பச் செலவில் 1 சதவீதம் கூடினால் எரிபொருள் செலவும் 1 சதவீதம் கூடும், நிலையம் ஓடும் காலமெல்லாம். ஆகவே ஏற்புச் சோதனைக்கு என் தேர்வு வெளியாள்தான். மாதாந்திரக் கண்காணிப்புக்கு நிலையத்தின் சொந்த ஆட்களே போதும்.