காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு நீச்சல் பாடம்: ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று மாதங்கள்

திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் உள்ள தனியார் நீச்சல் பயிற்சி நிலையத்தில், மே மாதத் தொடக்கத்தில் எங்கள் குடும்பத்தில் மூவர் சேர்ந்தனர்: 8 வயதான என் மகள், 61 வயதான என் தாயார், சிறு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் வலக்கால் சூம்பிப்போன 43 வயதான என் தம்பி. மூவருக்கும் நீச்சல் தெரியாது. தாயார் லால்குடிப் பக்கம் பிறந்தவர். ஆடிப்பெருக்கு தவறாமல் காவிரியில் முழுகியவர். ஆனால் ஆண்பிள்ளைகள் மதகின் மேலிருந்து குதித்துப் பழகிய அக்காலத்தில், பெண்பிள்ளைகள் படித்துறையின் கடைசிப் படியைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். இப்படிப்பட்ட மூவருக்கும் ஒரே இடம் ஒத்துவருமா என்ற ஐயத்துடன்தான் பணம் கட்டினேன்.

சேர்க்கையின்போது வயதைக் கேட்டுவிட்டு வரிசையில் நிறுத்திவிடவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க முடிகிறதா, உள்ளே மூச்சை விட முடிகிறதா, சுவரைப் பிடித்துக்கொண்டு இரு கால்களையும் தரையிலிருந்து எடுக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரையும் இறக்கிப் பார்த்த பிறகே பிரிவு ஒதுக்கினார்கள். இந்த நிலையத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இந்த ஒரு பழக்கத்துக்காகவே. தண்ணீர்ப் பயம் உள்ள எட்டு வயதுக் குழந்தையும், பயமே இல்லாத ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் கற்க முடியாது.

தாயார் மாலை 4 மணிக்கு நடக்கும் பெண்கள் வகுப்பில் சேர்ந்தார். துணைக்கு நானும் இறங்கினேன். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பெண் பயிற்சியாளர் கை வீசவோ காலடிக்கவோ சொல்லிக்கொடுக்கவே இல்லை. மிதக்கும் நிலையிலிருந்து எழுந்து நிற்பது எப்படி என்பதை மட்டுமே கற்றுக்கொடுத்தார்: முழங்கால்களை வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும், இரு கைகளாலும் தண்ணீரைக் கீழே அமுக்க வேண்டும், பாதம் தரையைத் தொட்ட பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும். தலையை முதலில் தூக்கினால் இடுப்பு கீழே போகும், கால் தரையைத் தேடித் துழாவும், பதற்றம் வரும். மூன்றரை அடித் தண்ணீரில் பெரியவர்கள் தத்தளிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நிற்கத் தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கை வந்த அன்றே, ஆறாவது வகுப்பில், அம்மா கைகளை விரித்து மல்லாந்து மிதந்தார். காது தண்ணீருக்குள் இருந்ததால் நாங்கள் கைதட்டியது அவருக்குக் கேட்கவில்லை.

குழந்தைகள் பிரிவில், கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்களை அனுமதிப்பதில்லை. முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. காரணத்தைக் கேட்ட பிறகு சரியென்றே பட்டது. அந்த வளையங்கள் தோளை மட்டும் தூக்கிப் பிடிப்பதால் குழந்தை தண்ணீரில் செங்குத்தாக நின்று சைக்கிள் மிதிப்பதுபோலக் காலாட்டப் பழகிவிடுகிறது. வளையத்தைக் கழற்றியதும் அந்தப் பழக்கமே அதை அமிழ்த்துகிறது. கிராமங்களில் முதுகில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டிக் கிணற்றில் இறக்கியவர்கள் இதைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. முதுகில் கட்டிய புருடை உடலைக் கிடைமட்டமாகவே வைத்திருக்கும். இரண்டில் தொடங்கி, பழகப் பழக ஒன்றாகக் குறைத்து, ஒரு நாள் சொல்லாமலே அவிழ்த்துவிடுவார்கள். இங்கே இடுப்பில் கட்டும் நுரைக்கட்டைகளை அதே முறையில் ஒவ்வொன்றாகக் குறைக்கிறார்கள்.

ஆனால் மே மாதத்தில் இந்தப் பிரிவின் நிலைமை மோசம். கோடை விடுமுறைக்காக அள்ளிச் சேர்த்ததில் ஒரு பயிற்சியாளருக்குப் பதினெட்டுக் குழந்தைகள் இருந்தனர்; நானே எண்ணினேன். ஒரு மணி நேர வகுப்பில் என் மகள் நீந்திய நேரம் பத்து நிமிடம்கூட இராது. மீதி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி தன் முறைக்காகக் காத்திருந்தாள். 15 நாளில் நீச்சல் என்று வாசலில் எழுதி வைத்திருப்பதையும் நம்ப வேண்டாம். அந்தப் பதினைந்து நாளில் மிதக்கவும் பத்து மீட்டர் தூரம் காலடித்துப் போகவும் வரும். மூச்சை ஒழுங்காக எடுத்து 25 மீட்டர் குளத்தை ஒரு முறை கடக்க என் மகளுக்கு ஜூலை நடுப்பகுதி ஆயிற்று. பள்ளி திறந்து கூட்டம் ஆறு பேராகக் குறைந்த பிறகு கிடைத்த கவனிப்பே வேறு. அப்போது ஒரு நாள் சாதாரண உடையுடன் குழந்தைகளைக் குதிக்கச் சொன்னார்கள். நனைந்த துணியின் கனம் எப்படிப்பட்டது, குளத்தில் நீந்துகிறவர் கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்களிலும் ஓடும் நீரிலும் ஏன் துணிந்து இறங்கக் கூடாது என்று அன்றைக்கு விளக்கியது, மூன்று மாதக் கட்டணத்துக்கும் ஈடு.

தம்பியைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை இருந்தது. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் வென்றதுதான் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் என்று சொல்லித்தான் அவனைச் சம்மதிக்க வைத்தேன். மார்பளவுத் தண்ணீரில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே கால்கள் தாங்குகின்றன. ஊன்றுகோல் இல்லாமல் அவன் குறுக்கே நடந்ததை இந்தக் குளத்தில்தான் பார்த்தேன். தசை குறைந்த வலக்கால் இலேசாக மேலெழ, உடல் இடப்பக்கம் சாய்ந்தது. காலை நேரத்துப் பயிற்சியாளர் அந்தச் சாய்வை நிமிர்த்தப் போராடவில்லை; அதையே பயன்படுத்தி, எப்போதும் வலப்பக்கமே முகத்தைத் திருப்பி மூச்செடுக்கச் சொன்னார். இது புத்தகத்தில் படித்து வருவதில்லை. வருத்தம் என்னவென்றால் அவர் ஜூன் இறுதியில் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் அதட்டுவதையே பயிற்சி என்று நினைப்பவர்.

கட்டட அமைப்போ தம்பியைப் போன்றவர்களை நினைத்துப் பார்க்கவே இல்லை. குளத்தில் இறங்கச் செங்குத்தான இரும்பு ஏணி மட்டுமே உண்டு; படிகள் இல்லை. உடைமாற்றும் அறையிலிருந்து குளம் வரை வழவழப்பான டைல்ஸ்; பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. இரண்டு முறை எழுதிக் கொடுத்த பிறகு ரப்பர் விரிப்பு போட்டார்கள். கம்பிக்கு ‘பார்க்கலாம்’ என்ற பதில்தான்.

தண்ணீரின் தரம் வார நாட்களில் நன்றாகவும் ஞாயிறு மாலையில் சுமாராகவும் இருக்கிறது. குளோரின் அளவையும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் காலையில் பலகையில் எழுதுகிறார்கள். பிற்பகலில் யாரும் அளந்து நான் பார்த்ததில்லை. மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேர்வதால் எழும் நெடி அது. ஆகவே குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று வாயிற்காவலர் பிடிவாதம் பிடிப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆழமான பகுதியின் தரைக்கோடு கண்ணுக்குத் தெரியாத இரு நாட்களில் நாங்கள் இறங்காமலேயே திரும்பிவிட்டோம்.

மாதம் 12 வகுப்புகளுக்கு ஒருவருக்கு 2,500 ரூபாய். தொப்பியும் கண்ணாடியும் தனி. பெண்கள் வகுப்புக்கு ஒரே ஒரு பயிற்சியாளர்தான் இருப்பதால் அவர் விடுப்பு எடுத்தால் வகுப்பும் இல்லை, அதற்கு ஈடான மாற்று வகுப்பும் இல்லை. ஜூலையில் மட்டும் நாங்கள் இப்படி மூன்று வகுப்புகளை இழந்தோம். சேர விரும்புவோர் ஜூன் நடுவுக்குப் பிறகு சேர்வதும், விடுபட்ட வகுப்புகளைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வதும் நல்லது. அம்மாவும் மகளும் ஆகஸ்டுக்குப் பணம் கட்டிவிட்டார்கள். தம்பி கட்டவில்லை, படியும் கைப்பிடியும் உள்ள வேறொரு குளத்தை அவனுக்காகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.