நகெட்ஸா, செயலியின் பரிந்துரையா?

1960களின் அமெரிக்க கராஜ் ராக்கை, அதாவது இளைஞர் குழுக்களின் கரடுமுரடான ராக் இசையைத் தேடுகிறவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, எலக்ட்ரா இசைத்தட்டு நிறுவனத்துக்காக லென்னி கே தொகுத்து 1972இல் வந்த 'நகெட்ஸ்': இரண்டு இசைத்தட்டுகள், 1965 முதல் 1968 வரையிலான 27 பாடல்கள். ஓரிரு வெற்றிகளோடு காணாமல்போன இளைஞர் குழுக்களே அதில் அதிகம். பாடல்களுக்குக் கே எழுதிய குறிப்புகளும் உண்டு. சில இடங்களில் பாட்டைவிடக் குறிப்பையே நான் அதிகம் ரசித்தேன். 1998இல் ரைனோ என்ற இசை நிறுவனம் அதை நான்கு குறுந்தட்டுகளாக விரித்தது. அவ்வளவு தேவையா என்பது வேறு கேள்வி.

இன்னொன்று, இசைச் செயலிகளின் பரிந்துரை. மலிவு, கொட்டிக் கிடக்கிறது. ஆனால் பலரும் கேட்டதையே பெரும்பாலும் முன்னால் தள்ளுகிறது. பஸ் பயணத்துக்கு அது போதும். மறந்துபோன ஒரு குழுவைக் கண்டெடுக்க நான் இசைத்தட்டைத்தான் எடுப்பேன்.