ஜெராஷ் கோயில் டூர்னு 2,400 திர்ஹாம் போச்சு, புக் பண்றதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிங்க

கோவம் இன்னும் அடங்கல, அடங்கறதுக்குள்ள எழுதிடறேன், ஏன்னா இதே டூர வர்ற லீவுக்குன்னு இன்னைக்கும் போஸ்டர் போட்டு வித்துக்கிட்டு இருக்காங்க. நாலு பேருக்கு 2,400 திர்ஹாம் கட்டினோம், ஊர்க் காசுக்கு அம்பதாயிரத்துக்கு மேல, ஒரு பைசா திரும்பி வரல.

பேர் போடல. கம்ப்ளெயின்ட் போய்க்கிட்டு இருக்கும்போது பேர் போடாதடான்னு வக்கீல் ஃப்ரெண்டு சொல்லிட்டான். எப்படிப்பட்ட ஆளுங்கன்னு மட்டும் சொல்றேன், புரிஞ்சிக்கங்க. ஆபீஸ் கெடையாது. இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ், அதுக்கு ஒரு வாட்ஸ்அப் நம்பர், தமிழ்ல பேசுற ஒரு ஏஜென்ட், கல்ஃப்ல இருக்கற தமிழ் ஃபேமிலிங்களுக்கு ஜோர்டான் ஜார்ஜியா அஜர்பைஜான்னு பேக்கேஜ் போட்டுத் தர்றது. அவ்வளவுதான் கம்பெனி.

எங்க வீட்டம்மா ஹிஸ்டரி டீச்சர். ரோமாபுரிய பசங்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுக்கறவ, இத்தாலிக்கு ஷெங்கன் விசா எடுத்துப் போறதெல்லாம் நம்ம பட்ஜெட்டுக்குத் தாங்காது, ஆனா துபாய்ல இருந்து மூணு சொச்சம் மணி நேர ஃப்ளைட்ல ஜோர்டான் தலைநகர் அம்மான், அங்கேருந்து ஒரு மணி நேரம் கார்ல போனா ஜெராஷ், ரோமன் காலத்து ஊரே அப்படியே நிக்குது, ஆர்ட்டெமிஸ் கோயில், ஜீயஸ் கோயில் ரெண்டும் ஒரே வளாகத்துல பாக்கலாம்னு அவதான் கண்டுபிடிச்சா. மச்சானும் அவர் வீட்டம்மாவும் சேர்ந்துக்கிட்டாங்க. ஜெராஷ், அப்புறம் பாறையக் குடைஞ்சு செஞ்ச பழைய ஊர் பெட்ரா, இதான் பிளான்.

எப்படி நம்பினோம்னு கேப்பீங்க, அத வெவரமா சொல்றேன், ஏன்னா மாட்டறது அங்கதான். அந்த ஏஜென்ட் மலிவா எதுவும் சொல்லல. ஆஃபர், பாதி வெல, இன்னைக்கு மட்டும்னு எதுவுமே கெடையாது. ஜோர்டான் பாஸ்னு அந்த ஊர் கவர்மென்ட்டே விக்குது, 70 தினார்ல ஆரம்பிக்கும், பெட்ராவுல ரெண்டு நாள் வேணும்னா 75, மூணு நாள்னா 80. அத முன்னாடியே வாங்கிட்டு ஜோர்டான்ல மூணு ராத்திரி தங்கினா 40 தினார் விசா ஃபீஸ் கெடையாது, ஜெராஷ் டிக்கெட்டும் அதுக்குள்ளயே அடங்கிடும். இத்தனையும் அவனே வாய்ஸ் நோட்ல பொறுமையா சொன்னான், நான் வெப்சைட்ல போய் பாத்தேன், சொன்னது அத்தனையும் சரி. நாலு பாஸுக்கு 1,450 திர்ஹாம், அதுல ஒரு திர்ஹாம் கூட கூட வைக்கலண்ணேன்னான், கணக்கு போட்டுப் பாத்தேன், உண்மைதான். மிச்சம் 950 காருக்கும் கைடுக்கும். தொல்லியல் படிச்ச கைடு, லைசென்ஸ் இருக்கு, காலையில ஹோட்டல் வாசல்ல இருந்து சாயங்காலம் வரைக்கும் கூடவே இருப்பாருன்னான். ஆர்ட்டெமிஸ் கோயில்ல தூண் ஆடறத அவரே காட்டுவாரு, மேடம் டீச்சர்னு சொல்லிட்டேன், ஸ்பெஷலா சொல்லித் தருவாருன்னான். அதோட நீங்க எந்த ஊருண்ணே, பேராவூரணியா, அட நான் பட்டுக்கோட்டண்ணே, நம்ம பக்கம்னு ஆரம்பிச்சிட்டான். நாடியம்மன் கோயில் திருவிழா பேச்சு வரைக்கும் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே 2,400-ஐயும் அனுப்பிட்டேன், ஒரு தனி ஆள் பேர்ல இருந்த அக்கவுன்ட்டுக்கு. கம்பெனி அக்கவுன்ட் ரினியூவல்ல இருக்கு, இது எங்க அக்கவுன்டன்ட்டோடதுன்னான்.

மறுநாளே நாலு பி.டி.எஃப் வந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் பேர், பாஸ்போர்ட் நம்பர், லோகோ, கியூஆர் கோடு எல்லாம் கச்சிதமா இருந்துச்சு.

அம்மான் ஏர்போர்ட்ல விசா கவுன்டர்ல அந்த ஆபீசர் முதல் பி.டி.எஃப்ப ஸ்கேன் பண்ணினார், மூஞ்சி மாறிச்சு. ரெண்டாவத வாங்கினார். அப்புறம் நாலு போனையும் வரிசையா வைக்கச் சொல்லி விரலால ஒண்ணொண்ணா தொட்டுக் காட்டினார், அப்பதான் பாக்கறோம், நாலுலயும் கியூஆர் கோடு ஒண்ணேதான். ஸ்கேன் பண்ணா வேற யாரோ ஒரு பொம்பள பேர், வேற நாட்டு பாஸ்போர்ட் வருது. யாரோ வாங்கி யூஸ் பண்ண பாஸ எடுத்து மேல எங்க பேர ஒட்டிக் குடுத்திருக்கான். பின்னாடி லைன்ல நிக்கறவங்க எல்லாம் எங்களையே பாக்கறாங்க, போலி டாக்குமென்ட் கொண்டு வந்தவங்க மாதிரி. மச்சான் வீட்டம்மாவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அந்த ஆபீசர் நல்ல மனுஷன், தனியா ஓரமா வரச் சொல்லி, இங்கேயே ஏர்போர்ட் வைஃபைல புதுசா வாங்கிக்கங்கன்னார். கார்டப் போட்டு வாங்கினோம், அஞ்சு நிமிஷத்துல மெயில்ல வந்துருச்சு, ஸ்கேனும் ஆச்சு. நாலு பேருக்கு 280 தினார் மறுபடியும் அழுதோம். அஞ்சு நிமிஷ வேலைங்க இது, இதுக்கு நடுவுல ஒரு ஏஜென்ட்டே தேவையில்ல!

உடனே போன் போட்டேன். "அண்ணே டென்ஷன் ஆவாதீங்க, அது சர்வர் பிரச்சன, ஏர்போர்ட் மெஷின்ல சில சமயம் காட்டாது, பணத்த ரீஃபண்டு போட்டுடலாம், நீங்க மொதல்ல டூர என்ஜாய் பண்ணுங்க." இது அவன் சொன்னது. நாலுலயும் எப்படிடா ஒரே கோடுன்னேன், செக் பண்ணிட்டு சொல்றேண்ணேன்னு வச்சிட்டான்.

காலையில கார் வந்துச்சு, லேட்டா, கைடு இல்லாம. வயசான ட்ரைவர், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். எனக்கு எதுவும் தெரியாது, நேத்து ராத்திரி யாரோ போன் பண்ணி நாலு பேர ஜெராஷ்ல எறக்கி விடணும், 30 தினார் அவங்களே தருவாங்கன்னு சொன்னாங்க, வெயிட்டிங் கெடையாது, திரும்பி கூட்டிட்டு வர்றதும் கெடையாதுன்னாரு. அவர் போன்ல இருந்த நம்பரப் பாத்தா நம்ம ஆள் நம்பர்தான். அந்த மனுஷன் மேல தப்பே இல்ல, அவரையும் சேர்த்துதான் ஏமாத்தியிருக்கான். 30 தினாரும் குடுத்தோம்.

ஜெராஷ் பத்தி எதுவும் தப்பா சொல்லவே மாட்டேன். பேரரசர் ஹாட்ரியன் வந்துட்டுப் போனதுக்காக கி.பி. 129-130-ல கட்டின வளைவுதான் மொதல்ல எதிர்ல நிக்குது, அதத் தாண்டினா குதிரைப் பந்தய மைதானம், அப்புறம் தெற்கு வாசல், உள்ள போனா முட்டை வடிவத்துல ஒரு பெரிய முற்றம், சுத்தி தூணுங்க, அங்கேருந்து நீளமா ஒரு தெரு, அன்னைக்குப் போட்ட கல்லுங்கதான் இன்னும் கெடக்கு, வண்டிச் சக்கரம் ஓடி ஓடி தேஞ்ச தடம் கூட அதுல தெரியுது. வீட்டம்மா அந்தத் தடத்துல குனிஞ்சு கை வச்சிப் பாத்துக்கிட்டு இருக்கா, நான் அதே தெருவுல ஒரு தூண் நெழல்ல நின்னுக்கிட்டு போன்ல கத்திக்கிட்டு இருக்கேன். இதான் எனக்கு ஆறவே இல்ல, காச விடுங்க. "கைடு உள்ள தியேட்டர் பக்கம் நிப்பாருண்ணே", "அவருக்கு உடம்பு சரியில்லையாம், வேற ஆள அனுப்பறேன்", "மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு", அப்புறம் போன எடுக்கல, அப்புறம் வாய்ஸ் நோட், "அண்ணே நீங்க சத்தம் போட்டா எப்படிண்ணே பேசறது". அந்தத் தெருவுல பாதிய நான் பாக்கவே இல்ல.

கடைசியில டிக்கெட் கவுன்டர் பக்கத்துல இருந்த கைடு ஒருத்தர நாங்களே பேசி கூட்டிட்டுப் போனோம். இதாவது நடந்துச்சே. ஆர்ட்டெமிஸ் இந்த ஊருக்குக் காவல் தெய்வம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டுல கட்டின கோயில், தெருவுல இருந்து பெரிய வாசல் வழியா படி ஏறி ஏறி மேல போகணும். முன்னாடி மண்டபத்துல பன்னெண்டு தூணு, அதுல பதினொண்ணு இன்னும் நிக்குது, உச்சியில இலை இலையா செதுக்கின வேலப்பாடோட. 749-ல வந்த பெரிய நிலநடுக்கத்துல ஊர்ல பாதி விழுந்துருச்சு, இதுங்க விழல. கைடு பையில இருந்து ஒரு ஸ்பூன எடுத்தாரு, ஒரு தூணோட அடியில கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருந்த இடுக்குல அதோட காம்ப சொருகினாரு, பாருங்கன்னாரு. காத்து வீசுது, ஸ்பூன் மெல்ல மேல எழும்புது, எறங்குது, மறுபடி எழும்புது. மூணு மாடி உசரத் தூண் ஆடுது! ஒரே கல்லா இல்லாம துண்டு துண்டா அடுக்கினது, ஆடறதாலதான் விழாம நிக்குதுன்னாரு. வீட்டம்மா இடுக்குல விரல் வைக்கப் போனா, அவர் சட்டுனு கையப் புடிச்சு இழுத்துட்டாரு.

மழைக்காலத்துல அங்க சீக்கிரமே மூடிடறாங்க. காலையில கார் லேட்டு, போன்ல போன நேரம் எல்லாம் சேர்ந்து, ஜீயஸ் கோயில கீழ முற்றத்துல இருந்து அண்ணாந்து பாத்ததோட சரி, மேல ஏற நேரமில்ல. விசில் அடிச்சிக்கிட்டே காவலாளிங்க வந்துட்டாங்க. திரும்ப வர டாக்ஸிக்காரங்ககிட்ட ரோட்ல நின்னு பேரம் பேசினது தனிக் கத.

இப்ப ரீஃபண்டு கதைக்கு வர்றேன். மொதல்ல ஏழு வேலை நாள்னான். அப்புறம் அக்கவுன்ட்ஸ் செக்ஷன்ல கேக்கணும்னான். அப்புறம் பாஸ் பிரச்சன ஜோர்டான் பார்ட்னரோட தப்பு, எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னான். கார்தான் வந்துச்சேண்ணே, அதுக்குக் காச கழிக்கணும்லன்னான், அந்தக் காருக்கும் நான்தான் 30 தினார் குடுத்தேன்! அடுத்த ட்ரிப் ஜார்ஜியாவுக்கு 500 திர்ஹாம் டிஸ்கவுன்ட் தர்றேன், மேட்டர இதோட விட்டுடுங்கன்னான். டிஸ்கவுன்ட் வேண்டாம், என் 2,400-ஐக் குடுன்னு சொன்னேன், புளூ டிக் வந்துச்சு, பதில் வரல. வீட்டம்மா அந்த பேஜ்ல நாகரிகமா ஒரே ஒரு கமென்ட் போட்டா, ஒரு மணி நேரம் கூட நிக்கல, தூக்கிட்டு பிளாக் பண்ணிட்டாங்க. மச்சான் வேற நம்பர்ல இருந்து கஸ்டமர் மாதிரி பேசினா "அண்ணே நீங்க எந்த ஊரு"ன்னு ஆரம்பிக்கறான். மச்சான் மதுரைன்னாரு. "அட, நானும் மதுரதாண்ணே"ன்னுட்டான்.

பாங்க்ல கேட்டா நீங்களே விருப்பப்பட்டு அனுப்பின பணம், கார்டு பேமென்ட்டா இருந்தா டிஸ்ப்யூட் போடலாம், ட்ரான்ஸ்ஃபர்ல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கைய விரிச்சிட்டாங்க. துபாய் போலீஸ் இ-கிரைம்ல புகார் பதிஞ்சிருக்கேன், வாய்ஸ் நோட், ட்ரான்ஸ்ஃபர் ரசீது, அந்த நாலு பி.டி.எஃப் எல்லாம் அப்லோடு பண்ணியாச்சு.

இனி யாரும் மாட்டக் கூடாதுன்னு விவரமா டிப்ஸ் எழுதலாம்னுதான் ஒக்காந்தேன், ஆனா நாளைக்கு ட்யூட்டி, முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். ஜோர்டான் பாஸ அரசாங்க வெப்சைட்ல நீங்களே உங்க கார்டப் போட்டு வாங்குங்க, யார்கிட்டயும் வாங்கித் தரச் சொல்லாதீங்க, வேற யாராவது ஏற்கெனவே அனுப்பியிருந்தா கெளம்பறதுக்கு முன்னாடியே எல்லா கியூஆரையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க, ஒரே மாதிரி இருந்தா அது போலி. தனி ஆள் அக்கவுன்ட்டுக்குக் காசு போடவே போடாதீங்க, எந்த ஊர்க்காரனா இருந்தாலும். கைடு அங்கேயே கெடைப்பாங்க. அம்மான்ல தபர்பூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஜெராஷுக்கு மினி பஸ் போகுது, காருக்குன்னு 950 திர்ஹாம் தூக்கிக் குடுக்கணும்னு அவசியமே இல்ல. உள்ள யாராவது ரோமன் காசு, மண்ணுல கெடச்சதுன்னு காட்டினா வாங்காதீங்க, பெரும்பாலும் போலி, அசலா இருந்தா இன்னும் ஆபத்து, பழம்பொருள வாங்கி விக்கறது அங்க சட்ட விரோதம்.

ஊர்ல இருந்து பணம் அனுப்பி ஏமாந்தவங்க யாராவது இருந்தா லேட் பண்ணாம இந்தியாவோட சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்குக் கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது. இதே மாதிரி நாலு பேருக்கும் ஒரே கியூஆர் வச்ச பி.டி.எஃப் உங்களுக்கும் வந்திருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, அத வெட்டாம, எடிட் பண்ணாம அப்படியே அனுப்புங்க, புகார்ல சேர்த்துடறேன்.