ஃபோர்டு மாடல் டி, 1:24 அளவு: அடிச்சட்டத்துக்காகவே வாங்க வேண்டிய ஒரு கிட்

பழைய கார்களின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று கைக்கு வந்தால், பெட்டிமேல் உள்ள படத்தையும் பாகங்களின் எண்ணிக்கையையும் ஒதுக்கிவிட்டு முதலில் சேஸிஸ் பாகங்களைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். பானெட்டும் மட்கார்டும் எவ்வளவு அழகாக வார்க்கப்பட்டிருந்தாலும், அந்த வண்டி எப்படி ஓடியது என்று தெரிந்தவர்தான் கிட்டை வடிவமைத்தாரா என்பதை அடிச்சட்டம் காட்டிக்கொடுத்துவிடும். 1911ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் டி டூரிங் காரை (திறந்த பாடியும் மடக்கும் கூரையும் கொண்ட வகை) 1:24 அளவில் தரும் இந்த கிட்டை அண்மையில் கட்டி முடித்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் தயாரிப்பாளரின் பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இயந்திரப் பகுதிகளைப் பொறுத்தவரை, நான் கட்டிய பழங்கால வண்டிகளில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியவில்லை. நிறம், பளபளப்பு, டயர் என்று வெளியே தெரியும் பரப்புகளிலோ, கட்டுபவர் திருத்தியே ஆக வேண்டியவை பல இருக்கின்றன.

மாடல் டி 1908 அக்டோபர் முதல் 1927 மே வரை ஒன்றரைக் கோடி வண்டிகளாக வெளிவந்தது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருந்தன. பித்தளை ரேடியேட்டர் 1916 வரைதான். 1917ஆம் ஆண்டு வண்டிகளில் கறுப்பு உறை வந்துவிட்டது. மின்சார ஹெட்லைட் 1915ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து வழக்கமானது. அதற்கு முன்பு அசெட்டிலின் வாயு விளக்குகள். எனவே ஓர் ஆண்டின் விளக்கையும் இன்னோர் ஆண்டின் ரேடியேட்டரையும் கலந்துவிடும் கிட்கள் எத்தனை நேர்த்தியாக வார்க்கப்பட்டிருந்தாலும் என் கணக்கில் தேறுவதில்லை. இந்த கிட் அப்படிக் கலக்கவில்லை. டேஷ்போர்டு தட்டையான மரப்பலகையாக இருக்கிறது, முன் இருக்கைக்குப் பக்கக் கதவுகள் இல்லை, ஓட்டுநரின் பக்கத்து ஃபுட்போர்டில் அசெட்டிலின் வாயுக் கலம் நிற்கிறது. கதவு விடுபட்டுப்போயிற்று என்று யாரும் பெட்டியில் தேட வேண்டாம். 1911 டூரிங் வண்டி அப்படித்தான் வந்தது.

அளவுகள் நம்பத்தக்கவை. 1:24 என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கு. அசல் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே உள்ள தூரம், 100 அங்குலம். இந்த அளவில் அது 106 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்தபோது வேறுபாடு ஒரு மயிரிழைக்குள்தான் இருந்தது. டயர்களில்தான் வடிவமைத்தவரின் அக்கறை முழுதாகத் தெரிகிறது. மாடல் டி வண்டியின் முன் டயர் 30க்கு 3 அங்குலம், பின் டயர் 30க்கு 3½ அங்குலம். வெளிவிட்டம் ஒன்றேதான், தடிமன் மட்டும் வேறு. 1:24 அளவில் அந்த வேறுபாடு அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதற்காகவே இரண்டு தனி அச்சுகளில் டயர்களை வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். வண்டியைப் பின்பக்கமிருந்து பார்க்கும்போது அது கொஞ்சம் கனத்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இன்ஜினுக்கு வருகிறேன். 177 கன அங்குலக் கொள்ளளவும் 20 குதிரைத்திறனும் கொண்ட அந்த இன்ஜினின் சிறப்பு, நான்கு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பில் அமைத்து, மேல்மூடியான ஹெட்டைத் தனியே கழற்றும்படி செய்ததில் இருந்தது. கிட்டிலும் பிளாக் ஒரு பாகமாகவும் ஹெட் தனிப் பாகமாகவும் வருகின்றன. ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே தடித்த குழாய்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. தண்ணீர் பம்ப் இல்லை. இது கிட்டின் குறையன்று. தயாரிப்பின் தொடக்கத்தில் வந்த இரண்டாயிரத்துச் சொச்சம் வண்டிகளைத் தவிர, மாடல் டி வண்டிகளில் பம்ப் கிடையாது; சூடான நீர் மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயல்பை நம்பியே இன்ஜின் குளிர்விக்கப்பட்டது. பெட்ரோலுக்கும் பம்ப் இல்லை. முன் இருக்கைக்கு அடியில் இருக்கும் டேங்கிலிருந்து அது தானாகவே வழிந்து கார்புரேட்டருக்கு வர வேண்டும். செங்குத்தான மேட்டில் டேங்க் இன்ஜினைவிடத் தாழ்ந்துபோனால் பெட்ரோல் வராது என்பதால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றியவர்கள் உண்டு. இருக்கையைத் தூக்கினால் அந்த டேங்க் கிட்டில் தெரிகிறது. இருக்கையை ஒட்டாமல் வைத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன்.

தரையில் மூன்று பெடல்கள். இடப்பக்கம் உள்ளது கியருக்கு, நடுவில் உள்ளது ரிவர்ஸுக்கு, வலப்பக்கம் உள்ளது பிரேக்குக்கு. ஆக்ஸிலரேட்டர் பெடலே கிடையாது. அந்த வேலையை ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப்புறம் உள்ள சிறு லீவர் செய்கிறது. இடப்புற லீவர் தீப்பொறியின் நேரத்தை முன்பின் தள்ளுவதற்கானது. அசல் பெடல்களில் சி (கிளட்ச், அதாவது கியர் பெடல்), ஆர் (ரிவர்ஸ்), பி (பிரேக்) என்ற ஆங்கில எழுத்துகள் புடைத்திருக்கும். கிட்டின் பெடலை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் அந்த எழுத்துகளும் தெரிகின்றன. பெயின்டைத் தடிமனாக அடித்தால் அவை மூழ்கிவிடும் என்பதால், பிரைமரை மெல்லிய ஒரு பூச்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது. லீவர்கள் இரண்டும் தனிப் பாகங்கள். வழிகாட்டித் தாள் அவற்றை நடுவாக்கில் ஒட்டச் சொல்கிறது. நிறுத்தி வைத்த வண்டியாகக் காட்டுவதானால் இரண்டையும் மேலே ஏற்றி ஒட்டுவதே சரி. தீப்பொறி லீவரை மேலே தள்ளாமல், இன்ஜினைக் கிளப்பும் முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றினால் இன்ஜின் எதிர்த்து உதைத்துக் கையை முறித்துவிடக்கூடும் என்பது அந்தக் காலத்து ஓட்டுநர்கள் அனைவருக்கும் தெரிந்த எச்சரிக்கை. ஹேண்ட்பிரேக் லீவரும் அவ்வாறே பின்னால் இழுத்த நிலையில் இருக்க வேண்டும்.

வழிகாட்டித் தாளில் இன்னோர் இடத்திலும் நான் வேறுபடுகிறேன். மாடல் டி வண்டியில் முன்னும் பின்னும் குறுக்குவாட்டமாக ஒவ்வொரு லீஃப் ஸ்பிரிங். முன் ஆக்ஸிலிலிருந்து ஆங்கில வி வடிவக் கம்பி ஒன்று பின்னோக்கிச் சென்று இன்ஜினின் அடியில் ஒரு குழிவில் பொருந்தும். முதலில் ஆக்ஸிலை ஒட்டிவிட்டு, பிறகு கம்பியைச் சேர்க்கும்படி தாள் சொல்கிறது. அப்படிச் செய்தால் கம்பியின் நுனி குழிவுக்குள் சேராமல் இழுக்கும். ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பி நிற்கும். கம்பியை ஆக்ஸிலோடு முதலில் சேர்த்து, நுனியைக் குழிவில் இருத்தி, பசை இறுகும் முன்பே நான்கு சக்கரங்களையும் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் நிறுத்திச் சரிபார்த்துக்கொண்டால் வண்டி நேராக நிற்கும்.

சக்கரங்களில் பன்னிரண்டு மர ஆரங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் அச்சின் இணைப்புக்கோடு ஓடுகிறது. இதைச் சுரண்டி எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான் என்றாலும், தவிர்க்க முடியாதது. கோடு தெரிந்தால் மரம் என்ற எண்ணமே வராது. வெளிர் மணல் நிறத்தில் அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் பழுப்பு ஆயில் பெயின்டை மெல்லப் பரப்பித் துடைத்தெடுத்தால் மரவரி கிடைக்கிறது. டேஷ்போர்டுக்கும் இதே முறைதான்.

இனிக் குறைகள். மிகப் பெரியது குரோம். ரேடியேட்டர், விளக்குகள், காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் சட்டம் எல்லாம் வெள்ளி போல மின்னும் முலாம் பூசப்பட்டு வருகின்றன. 1911ஆம் ஆண்டு வண்டியில் இவை அனைத்தும் பித்தளை. இத்தனை சிரத்தையோடு உருவான ஒரு கிட்டின் முகத்திலேயே இப்படி ஒரு பிழை இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. திருத்த இரண்டு வழிகள் உண்டு. முலாத்தின் மேலேயே ஒளி ஊடுருவும் மஞ்சள் பெயின்டில் ஒரு துளி ஆரஞ்சு கலந்து ஏர்பிரஷில் மெல்லிதாக அடித்தால் மெருகேற்றிய பித்தளை போலவே அமைகிறது. ஆனால் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து பாகத்தை வெட்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் தெரியும். அதனால் துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைத்து முலாத்தை முழுதாக நீக்கிவிட்டு, பளபளப்பான கறுப்பின்மேல் பித்தளை நிறம் அடிப்பதை நான் விரும்புகிறேன். எந்த வழியானாலும், ஒட்டும் பரப்பில் முலாம் இருந்தால் பசை பிடிக்காது. அந்த இடத்தைச் சுரண்டிவிட வேண்டும்.

இரண்டாவது, நிறம். பெட்டிப் படமும் வழிகாட்டித் தாளும் வண்டி முழுவதற்கும் கறுப்பே அடிக்கச் சொல்கின்றன. கறுப்பு மட்டும் என்ற நிலை 1914 முதல் 1925 வரை இருந்த ஒன்று. உற்பத்தியைக் கூட்டுவதற்காக நகரும் அசெம்பிளி லைன் 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் அமைந்தது. அதன் பிறகுதான் இந்த ஒரே நிறம் வருகிறது. 1911க்கு உரியது கருநீலம், நிழலில் கறுப்பு என்றே எண்ணத்தக்க அளவு அடர்ந்தது.

டயர்கள் கறுப்பு வினைலில் வருகின்றன. அக்காலத்து ரப்பரில் கார்பன் கரி பரவலாகச் சேர்க்கப்படவில்லை. எனவே டயர்கள் அழுக்கு வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருந்தன. வளையும் தன்மையுள்ள அக்ரிலிக் பெயின்ட் இதற்குப் போதும். வினைலில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் ஆண்டுக் கணக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரின் சக்கரத்தை உருக்கிவிடும். ரிம்மின் பரப்பில் அக்ரிலிக் பூச்சு ஒன்றைத் தடுப்பாகக் கொடுத்துவிட்டுத்தான் டயரை மாட்ட வேண்டும்.

மட்கார்டின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன். அசலுக்குப் பெருக்கினால் 24 மில்லிமீட்டர் கனமுள்ள தகடாகிறது. அடிப்பக்கமாகச் சரிவாகச் சுரண்டி விளிம்பை மட்டும் மெலிதாக்கினால் போதும். வாயுக் கலத்திலிருந்து விளக்குகளுக்குப் போகும் ரப்பர் குழாயும், மேற்கூரையை முன்பக்கமாக இழுத்துக் கட்டும் தோல்வார்களும் கிட்டில் இல்லை. மெல்லிய மின்கம்பியும், பழுப்பு அடித்த மாஸ்கிங் டேப் கீற்றும் அவற்றின் இடத்தை நிரப்பிவிடும்.

முதன்முதலாக மாடல் கட்ட விரும்புவோருக்கு இதைச் சொல்ல மாட்டேன். மெல்லிய கம்பிகள் மிகுதி. சட்டகத்திலிருந்து வெட்டும்போதே ஒடியக்கூடியவை. நான்கைந்து கார்களாவது கட்டிப் பழகியவர்கள், குறிப்பாக இயந்திரம் எப்படி இயங்கியது என்று அறியும் ஆவல் உள்ளவர்கள், தயங்காமல் வாங்கலாம். பழைய ட்ரக்குகளில் நாட்டம் உள்ளவர்களுக்கும் இந்தச் சேஸிஸ் பயன்படும். 1917இல் வந்த ஒரு டன் மாடல் டிடி ட்ரக்கின் வீல்பேஸ் 124 அங்குலம், அதாவது காரைவிட 24 அங்குலம் கூடுதல். இந்த அளவில் சட்டத்தை வெட்டிச் சரியாக ஓர் அங்குலம் நீட்டினால் கணக்கு முடிந்தது. பானெட்டும் ரேடியேட்டர் உறையும் மட்கார்டுகளும் 1917க்கு உரியனவாகப் புதிதாகச் செய்யப்பட வேண்டும்; பின் ஆக்ஸிலில் வார்ம் கியர் (திருகுபோன்ற புரியால் சுழலும் பற்சக்கரம்) இருந்ததால் அதன் நடு உறையையும் மாற்றியாக வேண்டும். அந்த ட்ரக் தொடக்கத்தில் பாடி இல்லாத வெறும் சேஸிஸாகவே விற்கப்பட்டது. வாங்கியவர்கள் தத்தம் தொழிலுக்கு ஏற்ற பாடியைக் கட்டிக்கொண்டார்கள். ஆகவே பின்பகுதியில் எதை ஏற்றுவது என்பது கட்டுபவரின் விருப்பம். என் இரண்டாவது கிட்டின் சட்டத்தை அதற்காகவே வெட்டி வைத்திருக்கிறேன்.