மூன்றடித் தொட்டியும் போகாத உப்புக் கோடும்

போன மாதம் மீன் தொட்டியின் வலது மூலையில் கசிவு. கடைக்காரர் வந்து பழைய சிலிக்கான் பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசிவிட்டு, "ரெண்டு நாள் தண்ணி ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு முழுக்க வினிகர் வாடை. நாலு கோல்டு ஃபிஷ்ஷும் படிக்கட்டுக்குக் கீழே நீல டிரம்மில். ஸ்பாஞ்சு ஃபில்டரையும் ஈரம் காயாமல் கூடவே போட்டுவிட்டேன், அதில்தானே மீன் கழிவின் நஞ்சைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. காலித் தொட்டியைப் பார்த்த ஆபீஸ் தம்பி கேட்டான்: "அண்ணா, நான் ரெண்டடி வாங்கவா, மூணடி வாங்கவா?"

நாலு வருஷமாக வேலூர் சத்துவாச்சாரியில் இதை வைத்திருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன். மீனுக்காக என்றால் மூன்றடிதான், சந்தேகமே இல்லை. முதலில் நான் வாங்கியது ஓரடித் தொட்டி, 15 லிட்டர் பிடிக்கும். அதில் நாலு குஞ்சுகள். 'ஒரு இஞ்ச் மீனுக்கு நாலு லிட்டர்' என்று கடையில் ஒரு கணக்கு சொன்னார்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. உடம்பு பருமன், தின்பதும் அதிகம், கழிவும் அதிகம். மூன்றே வாரத்தில் நாலும் போயிற்று. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. கழிவிலிருந்து வரும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாதே. நம்ம ஊர் போர் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. பி.எச். (அமில, கார அளவு) ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினாலே, அதே அம்மோனியாவில் நஞ்சாக மாறும் பங்கு சுமார் பத்து மடங்கு ஆகிவிடும். வெயில் அதை இன்னும் கூட்டும், அதோடு தண்ணீரில் ஆக்சிஜனையும் குறைக்கும். 15 லிட்டரில் இதைத் தாங்குவதற்கு எங்கே இடம்?

மூன்றடியில் கல், மணல் போக 135 லிட்டர் நிற்கிறது. இந்த முறை மீனை விடுவதற்கு முன்னால் ஐந்து வாரம் ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் இன்னொரு நஞ்சான நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் விட்டேன். ஒருநாள் பையன் தீவன டப்பாவைப் பாதி கவிழ்த்துவிட்டான். அப்போதுகூட ஒரு மீனும் சாகவில்லை. சரி, இதுவரை பாராட்டு.

இப்போது அந்தக் கோடு. கண்ணாடியின் மேல் ஓரத்தில் சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறிக் காற்றும் சேர்ந்து தினம் ரெண்டு லிட்டர் ஆவியாகிறது. வாரத்தில் ரெண்டு விரல் அகலம் மட்டம் இறங்கும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் புது உப்பும் கூடச் சேரும். போன வருஷம் ரெண்டு மாதம் சோம்பேறித்தனமாக இப்படியே ஊற்றிக்கொண்டிருந்தேன், மாற்றவில்லை. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) காட்டும் பேனாவைத் தோய்த்துப் பார்த்தால் 1,850. குழாயில் 1,100தான். தொட்டி பெரிசு என்றால் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும், உப்பைப் பொறுத்துக்கொள்ளாது. பெரிய வாய் என்பதால் ஆவியாவதும் அதிகம்தான்.

இப்போது ஆவியாகும் அளவுக்கு உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர், வாரம் ஒருமுறை கால் பங்கை எடுத்துவிட்டுப் போர் தண்ணீர். டி.டி.எஸ். 1,200ஐத் தாண்டுவதில்லை. மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக்க மருந்து போட்டு ஒருமுறை ஊற்றிப் பார்த்தேன். "குடிக்கிற தண்ணிய மீனுக்கு ஊத்துறீங்களா?" என்று வீட்டில் ஒரு கேள்வி வந்தது. அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. எடுக்கிற பழைய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. செடி கொழித்து நிற்கிறது, செடித் தொட்டி மண்ணின் மேல்தான் அதே வெள்ளைப் பூச்சு.

இத்தனை செய்தும் கோடு முழுசாகப் போகவில்லை. மட்டத்தை நாலு விரல் இறக்கி, துணியில் வினிகர் நனைத்துப் பத்து நிமிஷம் ஒட்டவைத்து, பழைய ஷேவிங் பிளேடால் சுரண்ட வேண்டும். சொட்டு உள்ளே விழக்கூடாது, சிலிக்கானில் பிளேடு படக்கூடாது (கசிவுக்குக் காரணம் என் பிளேடுதானோ என்று ஒரு சந்தேகம் உண்டு). ஒரு மணி நேரம் போகும். பதினைந்து நாளில் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது, உள்ளே ஆறு இஞ்ச் மீன் ஆரஞ்சாகத் திரும்பினாலும் வருகிறவர் கண் அந்தப் பட்டையில்தான் நிற்கும். "தொட்டி கழுவி ரொம்ப நாளாச்சா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

ஆகவே தம்பி, மூணடி வாங்காதே. ரெண்டடி வாங்கி அதில் கப்பி என்கிற சின்ன மீன் பத்து விடு. கப்பிக்கும் மோலிக்கும் நம்ம ஊர்க் கடினத் தண்ணீர் பிடிக்கும், சுரண்டவும் கை முழுசாக எட்டும். கோல்டு ஃபிஷ்தான் வேணும் என்று அடம்பிடித்தால் ரெண்டடி பத்தாது, அதையும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுகிறேன் என்கிறான். அதற்குள் ஒரு பாட்டில் வினிகர் வாங்கிவிட வேண்டும்.