வன்தட்டா, காந்த நாடாவா?

வெள்ளவத்தையில் கல்யாணப் படப்பிடிப்புச் செய்பவர்களிடம் சில ஆண்டுகளிலேயே பல டெராபைட் கோப்புகள் சேர்ந்துவிடும். வன்தட்டு, கேட்ட படத்தை உடனே எடுத்துத் தரும். தொடக்கச் செலவும் குறைவு. ஆனால் கொழும்பின் ஈரக் காற்றில் அலமாரியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த என் தட்டொன்று, சொருகியதும் ‘டிக் டிக்’ என்று தட்டிவிட்டு நின்றுபோனது. அதிலிருந்த அப்பம்மாவின் குரலும் அதோடு போயிற்று, அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் காந்த நாடா வகையான எல்டிஓவின் (LTO) ஒன்பதாம் தலைமுறை, எல்டிஓ-9. அந்த நாடா ஒன்று, கோப்புகளைச் சுருக்காமலே 18 டெராபைட் கொள்ளும். குளிர்ந்த, உலர்ந்த அறையில் 30 ஆண்டுவரை தாங்கும் என மதிப்பிடப்படுகிறது. எனினும் அதில் எழுதவும் வாசிக்கவும் தேவையான கருவியின் விலை தனியாளுக்குக் கட்டுப்படியாகாது. அக்கருவி எல்டிஓ-8, எல்டிஓ-9 நாடாக்களை மட்டுமே வாசிக்கும் என்பதால், பழைய நாடாக்களைக் காலத்தோடு புதியவற்றுக்கு மாற்றவும் வேண்டும். பெரிய ஸ்டூடியோவுக்கு நாடாவே பொருத்தம். வீட்டுச் சேகரிப்புக்கு, ஒன்றை உறவினர் வீட்டில் வைத்து, ஆண்டுதோறும் இயக்கிப் பார்க்கும் இரண்டு வன்தட்டுகளையே நான் தெரிவுசெய்வேன்.